நாமளா, நாங்களா

"எத்தன பேரும்மா?" என்று வண்டிக்கார இசக்கிமுத்து போனில் கேட்டபோது பியூலா தன் பட்டியலைப் பார்த்தாள். மற்றதெல்லாம் தயாராக இருந்தது. சபைப் பத்திரிகையின் பின்னட்டையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, டைனிங் டேபிளில் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்து அழுத்தியிருந்தாள். பதினாலாம் தேதி, வெள்ளிக்கிழமை, தூத்துக்குடி ஏர்போர்ட், காலை எட்டரை, அங்கேயிருந்து கடலோரமாகவே கன்னியாகுமரி, வண்டியில் ஏசி வேண்டும், டிரைவர் நிதானமானவராக இருக்க வேண்டும். எத்தனை பேர் என்று மட்டும் எழுதவில்லை. வண்டிக்காரன் முதலில் கேட்கிற கேள்வியே அதுதான் என்று அறுபத்தேழு வயதுக்காரிக்குத் தெரியாதா என்ன? தெரியும். தெரிந்துதான் எழுதாமல் விட்டிருந்தாள், பரீட்சையில் தெரியாத கேள்வியைக் கடைசிக்கு ஒதுக்கி வைக்கிற பிள்ளை மாதிரி. "பேரா…" என்று இழுத்தாள். நல்லவேளை, அந்தப் பக்கம் யாரோ சாவி கேட்டு வந்துவிட்டார்கள். "ஒரு நிமிசம் லைன்ல இருங்கம்மா, நம்ம டிரைவர் வந்திருக்கான்" என்று சொல்லிவிட்டு இசக்கிமுத்து போனை எங்கேயோ மேஜைமேல் வைத்தான். மேஜையில் மின்விசிறி ஓடுகிறது, ஒரு காகிதம் படபடக்கிறது, தூரத்தில் பஸ்காரன் ஹார்ன் அடிக்கிறான், எல்லாம் பியூலாவின் காதுக்கு வந்தது. இவ்வளவும் கேட்கிற காதுக்கு நேற்று ஒரு சொல் கேட்காமல் போய்விட்டதே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

நேற்றும் இதே பதினோரு மணிதான். டெல்லிப் பக்கத்திலிருந்து மகன் ரூபன் கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமைதான் அவன் முறை, செவ்வாய்க்கிழமை கூப்பிட்டால் யாருக்கோ காய்ச்சல் என்று அர்த்தம், அதனால் மடியில் இருந்த முருங்கைக்கீரை தரையெல்லாம் கொட்ட எழுந்து ஓடி எடுத்தாள். காய்ச்சல் இல்லை. "ம்மா, பதினாலாம் தேதி தூத்துக்குடிக்கு ஃப்ளைட். அங்கேருந்து நா" என்றான். அந்த 'நா' வரைக்கும் சுத்தமாக இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் வெங்காய வண்டி தெருவுக்குள் நுழைந்து, ஒலிபெருக்கியில் பதிவு செய்து வைத்த அந்தக் கட்டைக்குரல், "நாசிக் வெங்காயம், நாசிக் வெங்காயம், வாங்கம்மா வாங்க" என்று வாசலில் வந்து நின்றது. ரூபனின் 'நா'வைப் பிடித்துக்கொண்டு போன காது வெங்காயத்தில் போய் முட்டியது. திரும்பி வந்தபோது அவன், "அப்படியே கடலோரமா கன்னியாகுமரி போறோம். ரெண்டு நாள் அங்க. அப்புறம் வீட்டுக்கு. உனக்குத் தெரிஞ்ச வண்டி ஏதாவது சொல்லி வையேன்" என்று முடித்துக்கொண்டிருந்தான். "சரிப்பா, சரிப்பா" என்று இரண்டு தரம் சொன்னாள். வைத்துவிட்டான். நாம என்றானா, நாங்க என்றானா? நாம போறோம் என்றால் பியூலாவும் வண்டியில் உண்டு. நாங்க போறோம் என்றால் அவனும் மருமகள் நேஹாவும் பிள்ளைகள் இரண்டும், ஆக நாலு பேர், பியூலா வீட்டில் உட்கார்ந்து வண்டி சொல்லி வைக்க வேண்டியது. ஒரு 'ம', ஒரு 'ங்க'. அவ்வளவுதான் வித்தியாசம், அதை நாசிக்காரன் கொண்டு போய்விட்டான்.

வேறு ஏதாவது தடயம் கிடைக்குமா என்று நேற்று மத்தியானம் முழுக்க அந்தப் பேச்சை அவள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். 'போறோம்' இரண்டுக்கும் பொருந்தும், அதனால் பிரயோசனமில்லை. போலாம் என்று சொல்லியிருந்தால் சந்தேகமே இல்லை, கூப்பிடுகிறான் என்று அர்த்தம், ஆனால் அவன் போலாம் என்று சொல்லவில்லை. 'அப்புறம் வீட்டுக்கு' என்றானே, அங்கேதான் ஒரு கொக்கி இருந்தது. அப்புறம் வீட்டுக்கு வருவோம் என்றால் பியூலா வீட்டில் இருக்கிறாள், அவர்கள் வருகிறார்கள். அப்புறம் வீட்டுக்குப் போவோம் என்றால் பியூலாவும் அவர்களோடு அங்கே இருக்கிறாள், சேர்ந்து போகிறார்கள். வருவோமா, போவோமா? இரண்டையும் சொல்லாமல் முழுங்கிவிட்டான் பாவிப்பயல். சின்ன வயதிலிருந்தே வாக்கியத்தை முடிக்காமல் சாப்பிடுகிற பிள்ளை. 'உனக்குத் தெரிஞ்ச வண்டி' என்பதும் ஒன்றும் சொல்லவில்லை, தெரிந்த தச்சன், தெரிந்த டாக்டர் என்று எல்லாவற்றுக்கும் அவளைத்தான் கேட்பான். சாயங்காலம் ஜெபக்கூட்டத்தில் கண்ணை மூடியிருக்கும்போதுகூட அந்த 'நா'தான் ஓடியது. ஆண்டவரே என்று தொடங்கினால், அங்கேருந்து நா, என்று வந்து நின்றது. பக்கத்தில் இருந்த சாராள் அக்கா ஆமென் சொன்ன பிறகும் இவள் கண்ணைத் திறக்கவில்லை. பக்தி கூடிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

காது போய்விட்டதோ என்று ராத்திரி ஒரு பயம் வந்தது. முப்பத்தாறு வருஷம் பாளையங்கோட்டை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இடது காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள். இன்றைக்கும் போனை இடது காதில்தான் வைப்பாள், அந்தக் காதுதான் இப்போது கொஞ்சம் மந்தம், டாக்டரிடம் போகாமலே அவளுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் அவளைப் போலக் காது யாருக்கு இருந்தது! மணப்பாட்டிலிருந்து ஒருவர் மூச்சு விடுவதைக் கேட்டே இது சாவுச் செய்தி, இது கல்யாணச் செய்தி என்று சொல்லிவிடுவாள். மணப்பாடு, உவரி, குலசேகரன்பட்டினம், திருச்செந்தூர் என்று அந்தக் கடற்கரை முழுக்க அவளுக்கு எதிரே பலகையில் துளைத் துளையாக இருந்தது. கயிற்றை எடுத்துச் செருகினால் ஊர் பேசும். உவரி லைனில் மழைக்காலத்தில் ஓயாத இரைச்சல் வரும், வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது கடல் இரைகிற சத்தம் என்று நினைத்துக்கொண்டு யாரும் பேசாத நேரத்திலும் செருகிச் செருகிக் கேட்டிருக்கிறாள். கம்பியில் ஈரம் இறங்கினால் அப்படித்தான் இரையும் என்று லைன்மேன் சொன்னபிறகு வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் கேட்பதை விடவில்லை. இவ்வளவு கேட்டவள் அந்த ஊர்களில் ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை, திருச்செந்தூரைத் தவிர. இங்கேயிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகாது. யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள், அதனால் யாரிடமும் சொன்னதில்லை. அவள் கணவர் தேவசகாயம் சார், ஹெட்மாஸ்டர், கடல் காற்று தலைக்கு ஆகாது என்ற கொள்கை உடையவர். அவருக்கு எல்லாமே நான்தான். நான் இந்தக் கோடைக்கு மதுரை போறேன் என்பார், அதற்கு அர்த்தம் மூன்று பேரும் போகிறோம் என்பது. நாம என்ற சொல்லை அவர் பள்ளிக்கூட அசெம்பிளியில் மட்டும்தான் உபயோகித்தார். நல்ல மனுஷன். ஆறு வருஷம் முன்னால் அதே மாதிரி நான் கொஞ்சம் படுக்கேன் என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தவர்தான்.

எக்ஸ்சேஞ்சில் ஒரு சட்டம் உண்டு. கேட்ட நம்பரைத் திருப்பிச் சொல்லாமல் கயிற்றைத் தொடக்கூடாது. மணப்பாடு நாற்பத்திரண்டு என்று கேட்டால், மணப்பாடு நாற்பத்திரண்டு, சரிதானா என்று கேட்க வேண்டும், அவர் ஆமா என்று சொன்ன பிறகுதான் இணைப்பு. சூப்பர்வைசர் பின்னால் நடந்துகொண்டே இருப்பாள், எவளாவது திருப்பிச் சொல்லாமல் செருகினால் முதுகில் பென்சில் குத்தும். முப்பத்தாறு வருஷத்தில் பியூலா அந்தக் குத்தை ஒரே ஒரு தரம்தான் வாங்கியிருக்கிறாள். அப்படிப்பட்டவள் நேற்று மகனிடம் ஒரு வார்த்தை, நாம போறோமாப்பா என்று திருப்பிச் சொல்லியிருந்தால் போதும். கைவந்த வேலை. ஏன் சொல்லவில்லை? வெங்காய வண்டியின்மேல் பழியைப் போடலாம், பாதி நிஜம்தான். மீதிப் பாதியை அவளே ஒப்புக்கொண்டாள். பயம். திருப்பிக் கேட்டால் பதில் வந்துவிடும். இல்லம்மா, நாங்க மட்டும்தான் என்று அவன் சாதாரணமாகச் சொல்லிவிட்டால், அதற்கும் இவள் சரிப்பா சரிப்பா என்றுதான் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டுக் கீரையைப் பொறுக்க வேண்டும். கேட்காதவரைக்கும் 'நாம' உயிரோடு இருந்தது.

"அம்மா, இருக்கீயளா?" என்று இசக்கிமுத்து திரும்பி வந்தான். "மன்னிச்சுக்கிடுங்க, பய வண்டிச் சாவிய மாத்திக் கொண்டுட்டுப் போயிட்டான். பதினாலாம் தேதின்னீய. நம்ம வண்டி ரெண்டு நிக்கி. நாலு பேருக்குள்ளன்னா சின்ன வண்டி, புது வண்டி, நாம சுகமா போயிரலாம். அதுக்கு மேலன்னா நம்ம இன்னோவா இருக்கு. திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, கூடங்குளம்னு நாம போற ரூட்டு பூராவும் கடலு கூடவே வரும்மா, இடது பக்கம். முன் சீட்டுல உக்காந்தா அப்படியே கையால தொடலாம் போல இருக்கும்." பியூலா அந்த ஒரு மூச்சில் எத்தனை நாம, எத்தனை நம்ம என்று எண்ணிக்கொண்டிருந்தாள். முகம் பார்த்திராத ஆள். நம்பரைச் சபை வாட்ச்மேன் கொடுத்தது. நம்ம வண்டி, நாம போற ரூட்டு. ஊரில் எவன் வேண்டுமானாலும் கொடுக்கிறான் இதை, மீன்காரி கொடுக்கிறாள், நம்ம கடைக்கு வாங்கக்கா என்று ஜவுளிக்கடை வாசலில் நிற்கிறவன் கொடுக்கிறான், பெற்ற பிள்ளையிடமிருந்து வந்ததா வரவில்லையா என்றுதான் இவள் ராத்திரியெல்லாம் தேடிக்கொண்டிருக்கிறாள். "இன்னோவாவ ஒரு பார்ட்டி கேட்டு வச்சிருக்காங்கம்மா. நீங்க பத்து நிமிசத்துல சொல்லிட்டா ஒங்களுக்குப் போட்டுருதேன். நாலா, அதுக்கு மேலயா?" என்றான். "பத்து நிமிஷத்துல சொல்லுதேம்ப்பா" என்று வைத்தாள். சுவரில் பதினொன்று இருபது.

பத்து நிமிஷம் என்பது எக்ஸ்சேஞ்சில் ஒரு யுகம். வீட்டில் ஒன்றுமில்லை, தண்ணீர் குடிக்க எழுந்தாலே மூன்று நிமிஷம் போய்விடும். எழுந்தவள் தண்ணீரை மறந்து படுக்கையறைக்குப் போனாள். கட்டிலுக்கு அடியில் பச்சை நிறப் பை. நேற்றுச் சாயங்காலம் ஜெபக்கூட்டத்திலிருந்து வந்ததும் முதல் வேலையாக அதை எடுத்துத் தூசி தட்டி, இரண்டு காட்டன் சேலை, ஒரு துண்டு, சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை, பிள்ளைகளுக்கு முந்திரிக்கொத்து செய்தால் வைக்க ஒரு டப்பா, எல்லாம் அடுக்கிவிட்டாள். அடுக்கி முடித்தபிறகு அவளுக்கே அசிங்கமாகிவிட்டது, பந்திக்குக் கூப்பிடும் முன்னால் இலை போட்டு உட்கார்ந்துவிட்டது மாதிரி. யாரும் பார்க்காவிட்டாலும் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். இப்போது குனிந்து அது அங்கேயே இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது, அது எங்கே போகும். எலுமிச்சம்பழம் வாங்க வேண்டும் என்று நினைத்தாள், நினைத்ததும் கொடைக்கானல் வந்துவிட்டது. வராமலிருக்குமா. நாலு வருஷம் முன்னால் இதே மாதிரி ஒரு வண்டி. இரண்டாவது வளைவிலேயே வயிறு புரண்டது, சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு வாயை மூடி மூடி வைத்து, ஐந்தாவது வளைவில் எல்லாம் நேஹாவின் கைப்பைமேல். அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. இந்தியில்கூட ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னலை இறக்கிவிட்டு முகத்தை வெளியே வைத்துக்கொண்டது, அவ்வளவுதான். பேரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ரூபன் வண்டியை நிறுத்தித் தண்ணீர் ஊற்றித் துடைத்துக்கொண்டே, "பரவால்லம்மா, பரவால்லம்மா" என்றான். அவன் பரவாயில்லை என்று சொல்லச் சொல்லத்தான் அவளுக்கு அழுகை வந்தது. அது போதாதென்று மணிக்கு ஒரு தரம் எங்கேயாவது நிறுத்தச் சொல்ல வேண்டும், சர்க்கரை உடம்பு, பெட்ரோல் பங்க் கண்ணில் பட்டால் போதும். அப்படி ஒருத்தியை யார் கூட்டிக்கொண்டு போவார்கள்? பியூலா ரூபனாக இருந்தால் கூட்டிக்கொண்டு போவாளா? மாட்டாள் என்று சொல்ல வாய் வரவில்லை. ரூபனின் அம்மாவாக இருந்து யோசித்தால் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டாவது போவாள், அதுதான் கணக்கில் இடிக்கிறது.

அந்தக் கொடைக்கானலுக்கு அடுத்த நாள்தான் அவன் மாடியில் நின்று ஆபீஸ்காரர் யாரிடமோ தமிழில் பேசிக்கொண்டிருந்தான், "இப்ப அம்மா வீட்ல இருக்கோம்." அம்மா வீடு. நம்ம வீடு என்று சொல்ல முடியாது, கேட்கிறவன் வேற்றாள், அது சரி. எங்க வீடு என்றாவது சொல்லலாமே. ஊர்ல இருக்கோம் என்று சொல்லலாம். அம்மா வீடு என்றால் அவனுக்கு வேறொரு வீடு இருக்கிறது, இது போய்விட்டு வருகிற இடம். நிஜமும் அதுதான். நிஜமாக இருந்தால் வலிக்கக் கூடாது என்று இருக்கிறதா என்ன? ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி மாடிப்படியிலேயே நின்றுவிட்டாள். இதே ரூபனுக்கு நாலு வயதில் நாம எது நாங்க எது என்று தெரியாது. தபால்காரரிடம் ஓடிப் போய், "இன்னைக்கு நாம சர்ச்சுக்குப் போறோம்" என்றான். அவர் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "நானுமா தம்பி? எனக்கு இன்னும் நாலு தெரு கெடக்கே" என்றார். தெருவே சிரித்தது. பிள்ளை அழுதுகொண்டு உள்ளே வந்தான். மடியில் உட்கார்த்திச் சொல்லிக் கொடுத்தாள். "நீயும் நானும் சேந்து போனா, நாம. நீ யாருகிட்ட பேசுதியோ அவங்கள விட்டுட்டுப் போனா, நாங்க. எங்கே, சொல்லு." அவன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவள் மூக்கைத் தொட்டு, "நாம" என்றான். வாசலைக் காட்டி, "தபால் மாமாவுக்கு, நாங்க" என்றான். கெட்டிக்காரன். ஒரே தரத்தில் பிடித்துக்கொண்டான்.

பதினொன்று இருபத்தாறு. போனை எடுத்து வலது காதுக்கு மாற்றினாள். இடது கை சும்மா இருக்க மாட்டாமல் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. நாலாவது ரிங்கில் எடுத்தான். "சொல்லும்மா, மீட்டிங்கு அஞ்சு நிமிஷம் இருக்கு." பின்னால் மிக்ஸி ஓடியது, பேத்தி ஏதோ பாடிக்கொண்டிருந்தாள், வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறான். "ஒண்ணுமில்லப்பா. நேத்து நீ சொன்னேல்லா, கன்னியாகுமரி. நாமளா, நாங்களா?" என்றாள். குரல் எக்ஸ்சேஞ்சுக் குரலாக, தெளிவாக, ஒருவருக்கும் சொந்தமில்லாததாக வந்தது, அதில் அவளுக்கே ஒரு திருப்தி. "என்னது?" என்றான். "நாம போறோம்னு சொன்னியா, நாங்க போறோம்னு சொன்னியா? வெங்காய வண்டி வந்துட்டு, சரியா கேக்கல." ரூபன் கொஞ்சம் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான், அவள் ஏதோ விடுகதை போட்டிருக்கிறாள் என்பது மாதிரி. பிறகு சிரித்துக்கொண்டே, "ரெண்டும் ஒண்ணுதானம்மா?" என்றான்.

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஒரு பகல், ஒரு ராத்திரி, ஒரு ஜெபக்கூட்டம். அவள் தேடின சொல் அவனிடமே இல்லை. வெங்காயக்காரன் பாவம், அவன் ஒன்றையும் திருடவில்லை. அடுத்த தெருவில் விற்றுக்கொண்டிருந்தாலும், நாம என்று இந்தக் காதுகள் சுத்தமாகக் கேட்டிருந்தாலும், அதற்கு அர்த்தம் இல்லை. நாங்க என்று கேட்டிருந்தாலும் அர்த்தம் இல்லை. பதினெட்டு வருஷமாக இந்தியும் இங்கிலீஷும் பேசுகிற வீட்டில், அம்மாவை உள்ளே வைப்பதற்கு ஒன்று வெளியே வைப்பதற்கு ஒன்று என்று இரண்டு சொல்லை அவன் எதற்குச் சுமந்துகொண்டு திரிவான்? மூக்கைத் தொட்டு நாம என்றவன்தான். சிரிப்பு அடங்கியது. தனியாக இருப்பது பழகிவிட்டது என்று அவள் எல்லோரிடமும் சொல்லுவாள், தனக்கும் சொல்லிக்கொள்வாள். பழகவே இல்லை என்று இப்போது அப்பட்டமாகத் தெரிந்தது. "வண்டிக்காரன் எத்தன பேருன்னு கேக்கான்ப்பா" என்றாள். இதற்கு மேல் எப்படிக் கேட்பது. "நாங்க நாலு" என்று ஆரம்பித்தவன் நின்றுவிட்டான். நின்ற இடத்தில் அவனுக்கு ஏதோ விளங்கிவிட்டது, முட்டாள் இல்லை. "ஒரு நிமிஷம்மா" என்றான்.

மிக்ஸி நின்றது. பாட்டு நின்றது. அந்த அறை முழுக்க நின்றது. போனைக் கையால் பொத்தினால் இப்படி இருக்காது, பொத்தினால் கையின் ரத்தம் ஓடுவதுகூடக் கும்மென்று கேட்கும். இது சத்தத்தை அணைத்து வைக்கிற பொத்தான். அவளுக்குத் தெரியாதா? எக்ஸ்சேஞ்சுப் பலகையில் சாவி என்கிற விசையை ஒரு பக்கம் தள்ளினால் பேசுகிறவர்களுக்குத் தெரியாமல் கேட்கலாம், சட்டப்படி கேட்கக் கூடாது, எல்லோரும் கேட்டார்கள். இப்போது தள்ளுவதற்குச் சாவி இல்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். நேஹா சமையலறையிலிருந்து வந்திருப்பாள். நாலு, ஐந்து. கைப்பையை நினைத்திருப்பாளோ. நினைக்காமல் எப்படி இருப்பாள், நல்ல கைப்பை. எட்டு. வேண்டாம்ப்பா, நான் சும்மா கேட்டேன், எனக்கு ஞாயிற்றுக்கிழமை சபையில வேலை கெடக்கு என்று சொல்லிவிடலாம். வாக்கியம் தயாராக நாக்கில் இருந்தது, மானமுள்ள வாக்கியம். பத்து. பதினொன்று. மிக்ஸி திரும்ப வந்தது, பேத்தி திரும்ப வந்தாள், ரூபன் வந்தான். "நீயும் வாயேம்மா" என்றான். "வாந்திக்கு மாத்திரை மட்டும் போட்டுக்கோ." நீயும். அந்த 'உம்' எங்கே ஒட்டியிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது, நாலு பேரை எண்ணி முடித்த பிறகு ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. வாயேன் என்பது வா இல்லை, வராவிட்டாலும் குற்றமில்லை என்று கதவைக் கொஞ்சம் திறந்து வைப்பது. பதினொரு விநாடியில் இருவருக்கும் நடுவில் என்னவோ நடந்து, அதில் கழித்தது போக மிஞ்சியது இந்த இரண்டு சொல். மாத்திரை அவன் ஞாபகமா, நேஹாவின் ஞாபகமா, அக்கறையா, எச்சரிக்கையா? எல்லாம் கேட்டது. இந்தக் காது மந்தம் என்று யார் சொன்னது? மானமுள்ள வாக்கியம் நாக்கிலேயே இருந்தது. அதை அப்படியே முழுங்கிவிட்டு, "சரிப்பா, போட்டுக்கிடுதேன்" என்றாள் பியூலா. வேறென்ன செய்வது. உவரி லைனில் கேட்டது கம்பி ஈரம்தான் என்று தெரிந்தபிறகும் செருகிச் செருகிக் கேட்டவள்தானே.

பதினொன்று முப்பத்திரண்டுக்கு இசக்கிமுத்துவே கூப்பிட்டுவிட்டான். "அம்மா, என்ன முடிவு பண்ணுனீய? அந்தப் பார்ட்டி நிக்காக." "அஞ்சு" என்றாள். சொல்லிவிட்டுப் பார்த்தால் ஒன்றும் இடிந்து விழவில்லை, ஒரு சாதாரண எண்தான். "பெரியவங்க மூணு, புள்ளைய ரெண்டு. பெரிய வண்டி போட்டுரு." "போட்டாச்சு. முன் சீட்டு யாருக்கும்மா? புள்ளையளுக்கா? கடலு நல்லா தெரியும்." முன் சீட்டு வேண்டும் என்று பேரன் அழுவான். அழட்டும் என்று நினைத்தாள், உவரி வரைக்கும் அழட்டும், அதற்குப் பிறகு மாறிக்கொள்ளலாம். "முன்னால நாந்தான்" என்றாள். "நல்லதும்மா. ஏறுற எடம் ஏர்போர்ட்டுதானே?" "அவங்க ஏர்போர்ட்டுல. நான் இங்க, பாளையங்கோட்டைல." இதை அவள் அந்த நேரம்வரை யோசிக்கவே இல்லை. யாரும் யோசிக்கவில்லை. அவர்கள் வந்து இறங்குகிற இடத்துக்கு இவள் போக வேண்டும், ஏழு பேர் உட்காருகிற வண்டியில் காலையில் இவள் ஒருத்தி, பின்னால் ஐந்து சீட்டு காலியாக. "அப்ப ஒங்களைத்தான் மொதல்ல ஏத்தணும்" என்றான் இசக்கிமுத்து. "அன்னைக்கு நம்ம டிரைவர் ஒருத்தனுக்கு லீவு, நான்தான் வண்டிய எடுக்கேன். மொத ஆளு நீங்கதாம்மா. மத்தவங்கள எல்லாம் நாம போயி ஏத்திக்கிடுவோம். காலைல ஏழே காலுக்கு நாம கெளம்புதோம், ஒங்க வீட்டு வாசல்ல. சரிதானா?"

வெளியே வெங்காய வண்டி தெருமுனையில் திரும்புகிற சத்தம் கேட்டது. பியூலா போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பின்னால் யாரும் பென்சிலோடு நிற்கவில்லை. ஆனாலும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டப்படி, ஒவ்வொரு சொல்லாக, சத்தமாகத் திருப்பிச் சொன்னாள். "பதினாலாம் தேதி. காலைல ஏழே கால். நாம கெளம்புதோம்." சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

"ஆமாம்மா" என்றான் இசக்கிமுத்து.